பத்து லட்சமாவது ஏன்

பேரண்டத்தில் பிரிக்க முடியாத முடிவு என்று எதுவும் இல்லை. எவ்வளவு சிக்கலான தீர்ப்பும் எளிய சார்புகளின் அடுக்கே. அடுக்கைப் பிரித்தால் அறம் வெளிப்படும்.

திருநெல்வேலியில் எங்கள் துறையின் வாசலில் இந்த வாசகம் எட்டடிக் கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. லாரியிலிருந்து இறக்கும்போது கல் இரண்டாக உடைந்துவிட்டது. புதுக்கல்லுக்கு மறுபடி டெண்டர் விட வேண்டும் என்பதால் உடைந்ததையே நட்டார்கள். பிரிப்பு என்பதற்கு இதைவிடச் செயல்முறை விளக்கம் கிடையாது என்று திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

துறையின் பெயர் முடிவுப் பிரிப்புத் துறை. நான் அதில் இரண்டாம் நிலைப் பிரிப்பாளர், பெயர் மகரபூஷணம். நான் ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தபோது நடந்தது இது.

துறை எதற்கு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனித உறுப்புகளை இயந்திரத்தில் அச்சடிக்கத் தொடங்கிய காலத்தில், யாருக்கு முதலில் என்ற சண்டையைத் தீர்க்கத் துலாக்கோல் என்ற கணிப்பொறியை அமைத்தார்கள். நோயாளியின் கோப்பை உள்ளே கொடுத்தால் வெளியே ஓர் எண் வரும். பெரிய எண் என்றால் ஆபரேஷன் சீக்கிரம். சின்ன எண் என்றால் காத்திருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வீட்டுக்குப் போகலாம். சில வருடங்களில் மக்கள் ஏன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதோடு கொஞ்சம் கல்லும் எறிந்ததால் ‘ஏன் சட்டம்’ வந்தது. அதன்படி எந்தக் குடிமகனும் தன் எண் ஏன் அந்த எண் என்று கேட்கலாம். துறை அந்த முடிவைக் ‘குறைந்தது இரண்டு சார்புகளாக’ப் பிரித்து முப்பது நாளில் எழுத்துமூலம் தர வேண்டும்.

குறைந்தது இரண்டு. சட்டம் எழுதியவர்களுக்குக் கணிதம் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில்தான் போகும். ‘முதற்சார்பு: தங்கள் கோப்பு உள்ளது உள்ளபடியே பெறப்பட்டது. இரண்டாம் சார்பு: அவ்வாறு பெறப்பட்ட கோப்பின் மீது முடிவு எடுக்கப்பட்டது. இவ்விரண்டையும் வரிசையாகச் சேர்த்தால் தங்கள் எண் கிடைக்கும்.’ இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருபது வருடத்தில் நான் மட்டும் நாற்பத்தோராயிரம் முறை இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செலின் மச்சாது நான்காவது முறையாக வந்தபோது முந்தைய மூன்று பதில்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், வயது நாற்பத்தேழு. நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற வேலை. வலது கண்ணின் கருவிழி வெளுத்து ஐந்து வருடம் முன்பே பார்வை போயிருந்தது. இப்போது இடது கண்ணும் அதே வழியில். ஆறு மாதமாக அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. கீழே கேட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

“சார், இந்த மூணு பேப்பர்லயும் தேதி மட்டுந்தான் மாறியிருக்காம். மக வாசிச்சுச் சொன்னா.”

“முடிவு மாறலைன்னா பிரிப்பும் மாறாதும்மா.”

“பிரிச்சது எங்கன சார் இருக்கு இதுல?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் பாடமாக இருந்தது. “ஒரு சார்புன்னா என்ன? ஒண்ணைப் போட்டா ஒண்ணு வரும். அதுக்குள்ள சின்னச் சின்னச் சார்பு அடுக்கியிருக்கும். இப்போ ஒரு எண்ணை ரெண்டால பெருக்கி, மூணு கூட்டி, வந்ததை வர்க்கம் பண்ணுன்னு வெச்சுக்கோங்க. நாலைப் போட்டா நூத்தி இருபத்தொண்ணு வரும். வெளிய நிக்கிறவனுக்கு நாலு தெரியும், நூத்தி இருபத்தொண்ணு தெரியும். நடுவுல நடந்ததைப் படிப்படியாப் பிரிச்சுக் காட்டுறதுதான் எங்க வேலை.”

“சரி. என் பேப்பர்ல நடுவுல என்ன நடந்துச்சு?”

“சமனிச் சார்புன்னு ஒண்ணு இருக்கும்மா. போட்டதை அப்படியே திருப்பித் தரும். அதை உள்ள வெச்சுட்டா, வெளிய பழைய சார்பு முழுசா அப்படியே இருக்கலாம். கணக்குப்படி ரெண்டு துண்டு.”

“அதாவது வாசல்ல ஒரு ஆளை நிறுத்தியிருக்கீங்க. அவரு பேப்பரை வாங்கி அப்படியே உள்ள குடுப்பாரு. வேற வேலை கிடையாது.”

“கணிதத்துல அது செல்லும்.”

“செல்லும் சார். எங்க யார்டுலயும் அப்படி ஒருத்தர் இருக்காரு. சூப்பர்வைசர்னு பேரு.”

எனக்குச் சுருக்கென்றது. மரியாதையை நிலைநாட்டுவதற்காக என் மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். இருபத்தேழு வருடத்துக்கு முன் துலாக்கோலின் அடித்தளத்தை எழுதிய பயிற்சிக் குழுவின் படம் அது. பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு சிலேட்டு, சிலேட்டில் பயிற்சி எண். போலீஸ் ஸ்டேஷனில் மாட்டுகிற படம் மாதிரி இருக்கிறது என்பது என் மனைவியின் கருத்து. துறையில் இதற்கு ‘நிறுவனர்கள்’ என்று பெயர். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி எல்லா அறையிலும் மாட்டியிருக்கிறார்கள்.

“நானும் நிறுவனர்கள்ல ஒருத்தன்மா. இடமிருந்து மூணாவது ஆளு.”

அவர் தலையைச் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “வெள்ளையா ஒரு சதுரம் தெரியுது சார். நல்லாருக்கு.” பிறகு குரலை மாற்றாமல் சொன்னார். “ஆறு வாரம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுக்குள்ள புதுக் கருவிழி வைக்கலைன்னா அப்புறம் வெச்சாலும் ஒட்டாதாம். கேட்டுல உக்காரதுக்குக்கூட ஒரு கண்ணு வேணும்லா.”

நான் நான்காவது மனுவைப் பதிவு செய்தேன். உடனே கூடத்தில் மணி அடித்தது. சுவர்த் திரைகளில் எல்லாம் பூ மழை பெய்தது. அவருடைய மனு எண் பத்து லட்சம்.

எங்கள் தலைவர், முதன்மைப் பிரிப்பாளர் முனைவர் கோமதிநாயகம், அறையிலிருந்து ஏறக்குறைய ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, நீங்க சாதாரண ஆளு இல்ல. பத்து லட்சமாவது ஏன்.”

“அதுக்குப் பதில் கெடைக்குமா சார்?”

“பதிலா? அமைச்சர் கையால தருவோம். பிரேம் போட்டு.”

விழாவுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி குறித்தார்கள். செலின் போன பிறகு கோமதிநாயகம் என்னைக் கூப்பிட்டார்.

“மகரம், வழக்கமா ரெண்டு சார்புதானே குடுக்கோம். இதுக்கு ரெண்டு போதாது. பிரேம் மூணடி. ஒரு பதினைஞ்சு இருவது சார்பாவது போடும். போட்டோவுல நிறைவா இருக்கணும்.”

“நிஜமாப் பிரிக்கணுமா சார்?”

“உம்ம இஷ்டம். சமனியவே இருவது தடவ போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒண்ணு, அடித்தளத்துல மட்டும் கை வைக்காதீரும். அது நிறுவனர்கள் அடுக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிற இடம்.”

சமனியை இருபது தடவை எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த சூப்பர்வைசர் கிண்டலாக இருக்கலாம். நாற்பத்தோராயிரம் கையெழுத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது வேலை செய்து பார்ப்போமே என்ற எரிச்சலாகவும் இருக்கலாம். துலாக்கோலைத் திறந்தேன்.

அது கணிப்பொறி மாதிரி இல்லை. வெங்காயம் மாதிரி இருந்தது. எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. முந்தைய அதிகாரி முடித்துக் கையெழுத்திட்டதைப் புதியவர் திறந்து பார்க்க மாட்டார். திறந்தால் பொறுப்பாகிவிடும். ஆகவே புது ஆணை வரும்போதெல்லாம் பழைய சார்பைத் தொடாமல், அதன் வெளியே இன்னொரு சார்பைச் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன எண் தருகிறதோ அதை வாங்கி, ஏதோ செய்து, வெளியே தள்ளும். அதன் மேல் அடுத்தவர். அடித்தளத்தின் மேல் இப்படிப் பதினெட்டு அடுக்கு.

வெளி அடுக்கு ஓர் அழகுபடுத்தும் சார்பு. எண்ணுக்கு முன்னால் ‘மதிப்பிற்குரிய’ என்று சேர்க்கும். அதை உரித்தால், நூறால் பெருக்குகிற அடுக்கு. அதற்குள்ளே நூறால் வகுக்கிற அடுக்கு. இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி பாராட்டுச் சான்றிதழ். பெண்களுக்கு ஐந்து கூட்டுகிற அடுக்கு ஒன்று இருந்தது. அடுத்த அரசு அதைத் தொடாமல், சமத்துவத்தின் பொருட்டு, ‘முன்பு ஐந்து பெற்றோரிடமிருந்து’ ஐந்தைக் கழிக்கிற அடுக்கை அதன் மேல் சுற்றியிருந்தது. பரிந்துரைக் கடிதம் இருந்தால் நாற்பது கூட்டு என்று ஒன்று. யாருடைய கடிதம் என்று அதில் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஒன்பது நாள் உரித்தேன். செலினின் கோப்பை ஒவ்வோர் அடுக்கிலும் நிறுத்திப் பார்த்தேன். ஐந்து கூட்டிய ஓரிடம் தவிர எங்கே பார்த்தாலும் பூஜ்யம். பூஜ்யத்தை நூறால் வகுக்கிறான், பெருக்குகிறான், ஐந்தைக் கூட்டுகிறான், கழிக்கிறான். பதினெட்டு அடுக்கிலும் ஒருவன்கூட அவருக்கு அநியாயம் செய்யவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குற்றவாளி இல்லாத குற்றத்தைப் போல எரிச்சல் தருவது வேறொன்றும் கிடையாது.

பத்தாம் நாள் செலின் வந்தார். மகள் கையைப் பிடித்து வராண்டாவில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். முன்பு படியில் தானாக ஏறி வந்தவர், இந்த முறை சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

“பிரிச்சுட்டீங்களா சார்?”

“பதினெட்டு உரிச்சுட்டேன்மா. வெளியில இருந்து ஒவ்வொண்ணா. ஒரு தப்பும் கிடைக்கலை.”

“வெளியில இருந்துதான் உரிக்க முடியும். கடைசியா மாட்டினதைத்தான மொதல்ல கழட்டணும். கப்பல்லயும் அப்படித்தான். கன்டெய்னரக் கட்டியிருக்கிற ராடு கழட்டி, பூட்டு கழட்டி, அதுக்கப்புறந்தான் பொட்டியத் தொடணும். மாத்திச் செஞ்சா ஆளு செத்துருவான்.” நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். “தூக்கும்போது அதுக்கு நேர் எதிர் சார். மொத வேலை, பொட்டியோட நாலு மூலையிலயும் பிடி விழணும். விழுந்தா கூண்டுல பச்சை லைட்டு எரியும். அப்புறந்தான் தூக்கு, திருப்பு, இறக்கு எல்லாம்.”

“லைட் எரியலைன்னா?”

“புதுசா வந்த பையன் ஒருத்தன் எரியாமலே தூக்கினான். பிரமாதமாத் தூக்கினான். திருப்பினான், ஒரு இஞ்ச் பிசகாம லாரி மேல இறக்கினான். கயித்துல பொட்டியே இல்ல. வெறுங்காத்து. அவனத் திட்டவும் முடியல, அவன் செஞ்ச எல்லாமே சரி.” சிரித்தார். “உங்க பதினெட்டு பேரும் நல்லாத்தான் தூக்கியிருப்பாங்க. அடியில பிடி விழுந்துச்சான்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அங்கேதான் சந்தனம் இருந்தது.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நிறுவனர்கள் அடுக்கைத் திறந்தேன். சோதனைக்கு, செலினின் கோப்பில் தொழிலை மட்டும் மாற்றிப் போட்டேன். துணை ஆட்சியர் என்று போட்டால் முப்பத்தாறு வந்தது. ஆசிரியர் என்றால் நாற்பத்தைந்து. கிரேன் ஓட்டுநர் என்றால் பூஜ்யம். மீனவர், பூஜ்யம். கொத்தனார், பூஜ்யம். நோயின் கடுமையைக் கூட்டினேன், வயதைக் குறைத்தேன், மூன்று குழந்தைகள் சேர்த்தேன். எதைப் போட்டாலும் பூஜ்யம்.

அடித்தளத்தின் யோசனை என்னவோ நல்ல யோசனைதான். நோயின் கடுமைக்குப் பத்துக்கு இத்தனை. அவர் செய்கிற தொழிலுக்கு உடம்பு எவ்வளவு தேவை என்பதற்குப் பத்துக்கு இத்தனை. இரண்டையும் பெருக்கு. உடம்பை நம்பிப் பிழைப்பவனுக்கு முன்னுரிமை கிடைக்க வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் நினைத்திருக்கிறார். தொழில்களின் மதிப்பெண்களைத் தொழில் வகைப் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக ஏற்றியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் ஒன்பது அத்தியாயம். முதல் அத்தியாயம் அதிகாரிகள், இரண்டாவது டாக்டர், ஆசிரியர், வக்கீல். மூன்றாவது அவர்களுக்கு உதவியாக இருப்பவர்கள். அதோடு நின்றிருந்தது. நான்கிலிருந்து ஒன்பது வரைக்கும் மொத்தமாக ஒரு பூஜ்யம். பக்கத்தில் ஒரு குறிப்பு:

‘தற்காலிகம். மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து நிரப்பவும். ப-117.’

நான் அன்று டீ குடிக்கப் போகவில்லை.

இருபத்தேழு வருடமாக இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பட்டது. அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உறுப்பு கிடைக்கிறது, மூட்டை தூக்குகிறவனுக்குக் கிடைக்கவில்லை என்று எல்லாரும் பார்த்தார்கள். உலகம் எப்போதும் இருக்கிற மாதிரிதானே இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறிஞர்கள் இதற்குக் காரணம் கண்டுபிடித்து எழுதினார்கள். அவற்றில் தலைசிறந்தது, ‘உழைக்கும் மக்களிடம் உறுப்பு மாற்று நாட்டமின்மை: ஒரு பண்பாட்டுப் பார்வை’. முந்நூற்று நாற்பது பக்கம். கோமதிநாயகம் முனைவரானது அதற்காகத்தான்.

பூஜ்யம் வாங்கி வீட்டுக்குப் போனவர்களின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். அதற்குப் பக்கத்துப் பட்டியலின் தலைப்பு ‘காலம் கடந்தது’. அதில் அறுபத்தோராயிரத்து முந்நூற்று நான்கு பேர். கண், காது என்றால் காலம் கடந்த பிறகும் ஆள் இருப்பார். இதயம், ஈரல் என்றும் அதில் நிறைய இருந்தன.

மறுநாள் பத்தொன்பது அடுக்கையும் தெளிவாக எழுதி அச்சடித்து, கோமதிநாயகத்திடம் கொண்டுபோனேன்.

“சார், வாசிச்சுப் பார்க்கணும்.”

“எத்தனை சார்பு?”

“பத்தொன்பது.”

“சபாஷ். எதுக்கு வாசிக்கணும்? உம்ம மேல நம்பிக்கை இருக்கு. பிரேம் மட்டும் தங்கக் கலர்ல இருக்கட்டும்.”

பிரேமுக்குள் போட்ட எதையும் யாரும் வாசிப்பதில்லை. அரசுப் பணியில் நான் கற்ற ஒரே இயற்கை விதி அதுதான். செலின் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார், மகள் வாசிப்பாள், ஒரு வக்கீலைப் பிடிப்பார்கள், வழக்கு நடக்கும், அதற்குள் நான் ஓய்வுபெற்றிருப்பேன். இதுதான் என் திட்டம். அந்த ஆறு வாரக் கணக்கு இந்தத் திட்டத்தில் எங்கே பொருந்துகிறது என்று நான் யோசிக்காமல் இருந்தேன். அதுவும் ஒரு திறமைதான்.

விழாவில் நாதஸ்வரம், பொன்னாடை எல்லாம் இருந்தன. கோமதிநாயகம் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். பிரித்தலே பேரறிவு என்றார். அமைச்சர் பிரேமை எடுத்து செலின் கையில் கொடுத்தார். கேமராக்கள் மின்னின. செலின் பிரேமைத் திருப்பித் திருப்பித் தடவினார். பிறகு மைக் இருக்கும் திசையைக் கையால் தேடிப் பிடித்து, அதனருகே குனிந்தார்.

“ரொம்ப சந்தோஷம் ஐயா. எனக்குக் கண்ணு தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு யாராவது வாசிச்சுக் காட்டுங்க.”

அமைச்சருக்கு இது பிடித்துப்போனது. மேடையில் ஒரு தாய்க்கு வாசித்துக் காட்டுவது நல்ல படம். “யாருய்யா எழுதினது? வாய்யா, வாசி,” என்றார்.

வாசித்தேன். ‘மதிப்பிற்குரிய’ வந்ததும் கூட்டம் சிரித்தது. நூறால் பெருக்கி நூறால் வகுத்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தது. பரிந்துரைக் கடிதத்துக்கு நாற்பது என்றதும் விசில் அடித்தார்கள். அமைச்சர் மட்டும் தண்ணீர் குடித்தார். கோமதிநாயகம் கண்ணாலேயே போதும் போதும் என்றார். நான் பார்க்காத மாதிரி வாசித்துக்கொண்டே போய் அடித்தளத்துக்கு வந்தேன். மூன்று அத்தியாயம். நான்கிலிருந்து பூஜ்யம். தற்காலிகம். மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து நிரப்பவும்.

அந்தப் பயிற்சி எண்ணை மட்டும் நான் வாசிக்கவில்லை. தனிமனிதரைப் பொதுவில் சுட்டுவது துறையின் மரபல்ல.

யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் தம்ளரை வைத்தார்.

“லாரி டிரைவர் எத்தனாவது அத்தியாயம்யா?”

“எட்டு, ஐயா.”

“எங்கப்பா லாரி டிரைவர்,” என்றார். “கிட்னிக்கு எழுதிப் போட்டார். அப்போ நான் அமைச்சர் இல்ல.” பிறகு கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கோமதிநாயகம் மைக்கைப் பிடித்தார். “இது ஆழமாக ஆய்வு செய்யப்பட வேண்டிய ஒன்று. வல்லுநர் குழு அமைத்து...”

“எத்தனை நாளு சார் ஆகும்?” என்றார் செலின். “எனக்கு மூணு வாரம் இருக்கு.”

அன்று மாலையே ஆணை வந்தது. நிரப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான்கு முதல் ஒன்பது வரை நூற்றுப் பதினெட்டுத் தொழில்கள். பதினொரு நிமிடம் ஆயிற்று. ஆண்டறிக்கையில் இது ‘பதினொரு மாத ஆய்வு’ என்று அச்சாகியிருக்கிறது. திருத்தவில்லை. அது கோமதிநாயகம் கையெழுத்திட்டது, திறக்கக் கூடாது.

செலினின் எண் தொண்ணூறு ஆனது. பத்தொன்பதாம் நாள் இடது கண்ணுக்குக் கருவிழி வைத்தார்கள். வலது கண்ணுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ‘காலம் கடந்தது’ பட்டியல் அப்படியே இருக்கிறது. அதற்கு எந்தச் சார்பை எழுதினாலும் அதில் ஒரு பெயரும் குறையாது.

“யாரு மகரம் அந்த ப-117?” என்று கோமதிநாயகம் ஒரு நாள் கேட்டார். தன் முந்நூற்று நாற்பது பக்க ஆய்வேட்டை நூலகத்திலிருந்து அவரே திரும்ப எடுத்துக்கொண்டிருந்த சமயம்.

“பழைய ஆளா இருக்கும் சார். ரிட்டயர் ஆகியிருப்பாரு. ரிஜிஸ்தர் எல்லாம் கரையான் அரிச்சுப்போச்சு.”

“அவன் மட்டும் கையில கெடச்சான்...” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து செலின் வந்தார். யாரும் கையைப் பிடித்து அழைத்து வரவில்லை. ஒரு கையில் இனிப்புப் பெட்டி, இன்னொரு கையில் அந்தத் தங்கக் கலர் பிரேம். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கூண்டில் ஏறுகிறாராம்.

“டெஸ்டு வெச்சாங்க சார். நாப்பது மீட்டர் மேல இருந்து கீழ பொட்டி நம்பரை வாசிக்கச் சொன்னாங்க. எல்லாத்தையும் வாசிச்சுட்டேன். பழைய கண்ணைவிட இது நல்லாருக்கு.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

“இதையும் நானே ஒக்காந்து முழுசா வாசிச்சேன்.” பிரேமை மேசை மேல் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தார். “இங்கன ப-117ன்னு இருக்கு. அன்னைக்கு நீங்க இதை வாசிக்கலியே. யாரு சார் அது?”

“தெரியலைம்மா. யாரோ ஒரு பயிற்சி ஆளு. இப்போ எங்க இருக்காரோ.”

“சாப்பிட்டுட்டு வந்து செய்யிதேன்னு எழுதிவெச்சுட்டுப் போயிருக்காரு. நானும் எத்தனையோ தடவ அப்படிப் போயிருக்கேன் சார். ஆனா நான் போறப்போ பொட்டிய அந்தரத்துல தொங்கவிட்டுட்டுப் போனதில்ல.” நாற்காலியில் சாய்ந்தார். அவர் பார்வை என் தலைக்கு மேலே போனது. “இதானா சார் அந்த நிறுவனர்கள் படம்? அன்னைக்குச் சதுரமாத் தெரிஞ்சுது. இன்னைக்கு ஆளு மூஞ்சி, சிலேட்டு எல்லாம் தெரியுது.”

அவர் இடமிருந்து வாசிக்க ஆரம்பித்தார். “ப-115. ப-116.”

அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நான் இனிப்புப் பெட்டியைத் திறந்தேன். மஸ்கோத் அல்வா. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன், பேச வேண்டியிருக்காது என்பதற்காக.

“காலையில எடுத்த படமா சார் இது?” என்று கேட்டார்.

“இல்லை. மத்தியானம். ஒரு மணி இருக்கும்.”

படத்தில் என் இடது கையில் சிலேட்டு இருக்கிறது. வலது கையில் நாலடுக்கு டிபன் கேரியர்.